யார் சொன்னது, யாரிடம் சொன்னது?

ஒருவர் ஏதேனும் ஒரு திரைப்படத்திலிருந்து ஒரு வரி வசனத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வரி மட்டும் போதவில்லை என்றால் குறிப்பு கேட்கலாம். கல்லூரிக் காலத்தில் தொடங்கி இன்றுவரை எங்கள் நண்பர் வட்டத்தில் நடந்துவரும் விளையாட்டு இவ்வளவுதான். இதற்குச் சீட்டுக்கட்டு வேண்டாம், பலகை வேண்டாம், வெளிச்சம்கூட வேண்டாம். ரயிலில் விளக்கை அணைத்த பிறகு மேல் படுக்கையில் இருப்பவரும் கீழ்ப் படுக்கையில் இருப்பவரும் மெல்லிய குரலில் விளையாடியிருக்கிறோம். கல்யாண வீடுகளில் முதல் நாள் இரவு மொட்டை மாடியில் பாய் விரித்துக்கொண்டு விடிய விடிய விளையாடியிருக்கிறோம். ஆளுக்கொரு ஊரில் குடியேறிவிட்ட இந்நாளில் வாட்ஸ்அப் குழுவிலும் விளையாடிக்கொண்டிருக்கிறோம். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. இந்த விளையாட்டின் சுவை பதில் சொல்பவரின் நினைவாற்றலைவிடக் கேள்வி கேட்பவரின் தேர்விலேயே அதிகம் இருக்கிறது. எந்த வரியை எடுப்பது, அதை எந்த இடத்தில் வெட்டுவது, எந்தக் குரலில் சொல்வது என்ற மூன்றையும் யோசித்துக் கேட்பவர் அமைந்துவிட்டால், கேட்டிருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தாங்கள் பார்த்த படத்தை மறுபடி ஒருமுறை முழுக் கவனத்தோடு பார்த்த நிறைவு கிடைக்கும்.

புதிதாக வந்து சேர்பவர்கள் முதலில் கையில் எடுப்பது பஞ்ச் வசனங்களைத்தான். “நான் ஒரு தடவ சொன்னா” என்று ஒருவர் தொடங்குவதற்குள் எதிரில் இருப்பவர் ‘பாட்ஷா’ என்று சொல்லி முடித்துவிடுவார். 1995-இல் வெளிவந்த அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் அந்த வரி தெரியும். திரையரங்கைவிட்டு வெளியேறும் ரசிகர் அதை வாயில் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் அது எழுதப்பட்டது. எழுதியவரின் எண்ணம் முழுமையாக நிறைவேறியிருக்கிறது. அந்த வரியின் சிறப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேள்வி என்ற முறையில் அதில் தேடுவதற்கு இடம் இல்லை என்பதே என் எண்ணம். பதிலைத் தன் நெற்றியிலேயே எழுதி வைத்துக்கொண்டு வரும் வரியைக் கேட்டால் முதலில் வாய் திறந்தவர் வெல்வார், அவ்வளவுதான்.

நல்ல கேள்விக்கு எடுத்துக்காட்டாக எங்கள் வட்டத்தில் இன்றும் சொல்லப்படும் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் முறை வந்தபோது எந்த முன்னுரையும் இல்லாமல், “அப்படியெல்லாம் இல்ல, ஆனா அவரு எங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். இந்த வரியில் அருஞ்சொல் எதுவும் இல்லை, எதுகை மோனை இல்லை, யாருடைய பெயரும் இல்லை. எந்தக் குடும்பப் படத்திலும் எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடிய வரி போலத்தான் முதலில் கேட்கிறது. ஆனால் யோசிக்க யோசிக்க, அப்படி வேறு எந்தப் படத்திலும் யாரும் சொன்னதில்லை என்பது புலப்படத் தொடங்கும். அப்பாவைப் பிடிக்கும் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு, வெறுக்கும் பிள்ளைகள் உண்டு. ரொம்பவெல்லாம் பிடிக்காது, இருந்தாலும் அவர் என் அப்பா என்று கணக்குத் தீர்ப்பதுபோலச் சொல்லும் சிறுவன் ஒருவன்தான். ‘ஆரண்ய காண்டம்’ (2011) படத்தில் வரும் கொடுக்காப்புளி அவன். சேவலோடு நகரத்துக்கு வந்து சேர்ந்த, குடியால் எல்லாவற்றையும் இழந்த ஒரு தகப்பனின் மகன். அந்த இரவில் பதில் கிடைக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பதில் கிடைத்த பிறகு அந்தச் சிறுவனைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

எளிய சொற்கள், ஆனால் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் சொந்தமான சொற்கள்: நான் தேடுவது இத்தகைய வரிகளைத்தான். ‘96’ (2018) படத்தில் “ரொம்ப தூரம் போயிட்டியா ராம்?” என்று ஜானு கேட்கும் வரியிலிருந்து பெயரை மட்டும் எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பேருந்தில் ஏறிப் போய்விட்டவரிடம் தொலைபேசியில் கேட்கும் கேள்வியாகக்கூட அது இருக்கலாம். ‘விக்ரம் வேதா’வில் (2017) வரும் “ஒரு கதை சொல்லட்டா சார்?” என்ற வரியும் அப்படித்தான், அந்தச் சொற்களை நாம் ஒவ்வொருவரும் எப்போதாவது சொல்லியிருப்போம். எழுத்தாளர் அந்த எளிய சொற்களைப் பாத்திரத்தின் வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டுவிட்டதால் அவை இனி வேறு யாருக்கும் உரியவை ஆகா. திரைக்கதை எழுத்தின் திறமையை அளக்க இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை. அடுக்குமொழியை நினைவில் வைத்துக்கொள்வது காதின் வேலை. சாதாரணப் பேச்சு ஒன்று ஆண்டுக்கணக்கில் நினைவில் நிற்கிறது என்றால் அது அந்தப் பாத்திரம் செய்த வேலை.

புகழ்பெற்ற காட்சியிலிருந்து கேட்கவே கூடாது என்பதில்லை. அந்தக் காட்சியில் புகழ்பெற்ற வரிக்குப் பக்கத்து வரியை எடுக்க வேண்டும். ‘நாயகன்’ (1987) படத்தின் இறுதியில் பேரன் கேட்கும் “நீங்க நல்லவரா, கெட்டவரா?” என்ற கேள்வி ஊரறிந்தது. அதை விட்டுவிட்டு, வேலு நாயக்கர் சொல்லும் “தெரியலையேப்பா” என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டால் எதிரில் இருப்பவர் சற்றுத் திகைப்பார். அந்தத் திகைப்பு நீங்கும் கணத்தில் அவர் முன்னால் அந்தக் காட்சி முழுவதும் விரியும். இதேபோல, ‘16 வயதினிலே’ (1977) படத்தின் “பத்த வச்சிட்டியே பரட்டை” என்ற வரியில் பெயர் இருப்பதால் அது கேள்வியே ஆகாது. “பத்த வச்சிட்டியே” என்பதோடு நிறுத்திக்கொண்டால் கேள்வியாகிவிடும்.

இந்தக் கடைசி வரிதான் எங்கள் விளையாட்டின் முக்கியமான விதிக்குக் காரணமாக அமைந்தது. ஒருமுறை இதைக் கேட்டபோது பாதிப் பேர் ரஜினிகாந்த் பேசிய வசனம் என்றார்கள். பரட்டையாக நடித்தவர் ரஜினி. அவரிடம் அதைச் சொன்னவர் கவுண்டமணி. ரஜினிக்கு அந்தப் படத்தில் உரிய வரி “இது எப்படி இருக்கு” என்பது. வரியையும் படத்தையும் சரியாகச் சொன்னவர்கள்கூட ஆளை மாற்றிச் சொன்னதால், அன்றிலிருந்து படத்தின் பெயர் மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண், யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு மதிப்பெண் என்று முடிவு செய்தோம். விளையாட்டின் முகமே அதன் பிறகு மாறிவிட்டது. அதற்கு முன்னால் அது நினைவுப் போட்டியாக இருந்தது. அதற்குப் பின்னால் கதை சொல்லும் கூட்டமாக ஆயிற்று.

எங்கள் வட்டத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளும் இப்போது விளையாட வருகிறார்கள். அவர்களோடு விளையாடும்போது இந்த விதியின் தேவை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. வடிவேலு பேசிய வரிகளில் அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கு மீம்களாகவும் ஸ்டிக்கர்களாகவும் வந்து சேர்ந்தவை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ படம் வந்தது 2001-இல். அதில் வரும் காண்டிராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்வதுபோல இணையத்தில் அந்தப் பெயர் ஓடியது 2019 மே மாதத்தில். அந்த ஆண்டில்தான் நேசமணியை அறிந்த ஒரு தலைமுறை இருக்கிறது. வரி தெரியும், முகம் தெரியும், படம் தெரியாது. இதை நான் குறையாகக் கருதவில்லை. வசனம் படத்தைவிட்டுத் தனியாகப் பயணம் செய்வது நம் ஊரில் எப்போதும் நடந்து வந்திருப்பதுதான். ஆனாலும் அந்த வரிக்கு முன்னால் என்ன நடந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று சொல்லும்போதுதான் அந்தச் சிரிப்பு முழுமையடைகிறது என்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். சென்ற விடுமுறையில் அப்படிக் கேட்டுக் கேட்டே அவர்களை அந்தப் படத்தை முழுவதும் பார்க்க வைத்தோம்.

குரலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கேள்வி கேட்பவர் நடிகரின் குரலில் பேசக் கூடாது, செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இன்னொரு விதி. மிமிக்ரி செய்துவிட்டால் ஆள் தெரிந்துவிடும். அதன் பின் தேட வேண்டியது படத்தை மட்டும்தான். குரலை உரித்துவிட்டு வெறும் சொற்களை மட்டும் கொடுத்தால், கேட்பவரின் மனம் அந்தச் சொற்களுக்குப் பொருத்தமான குரலைத் தானே தேடத் தொடங்குகிறது. ஒவ்வொரு குரலாகப் பொருத்திப் பார்த்து, ஒரு கட்டத்தில் சரியான குரல் வந்து உட்காரும். பலமுறை கவனித்திருக்கிறேன்: படத்தின் பெயர் நினைவுக்கு வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடுகிறது. “இது பாலையா பேசுறது” என்பார்கள், “டெல்லி கணேஷ் குரல்ல கேக்குது” என்பார்கள். படம் எது என்பது அதற்குப் பிறகுதான் வரும். ‘புரியாத புதிர்’ (1990) படத்தில் ரகுவரன் திரும்பத் திரும்பச் சொல்லும் “ஐ நோ” என்ற இரண்டு சொற்களைத் தட்டையாக ஒருமுறை சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றாது. அதையே நாலைந்து முறை அடுத்தடுத்துச் சொன்னால், எத்தனை தட்டையாகச் சொன்னாலும், கேட்பவரின் காதில் ரகுவரன் வந்துவிடுவார்.

இந்த வகையில் எங்கள் எல்லாரையும்விடத் தேர்ந்தவர் நண்பர் ஒருவரின் அம்மா. கும்பகோணம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். இளமையில் திரையரங்குக்குப் போக அவருக்கு அதிக வாய்ப்பு இருந்ததில்லை. படங்களை அவர் பெரும்பாலும் காதால்தான் பார்த்திருக்கிறார். அகில இந்திய வானொலியில் ஒலிச்சித்திரம் என்ற பெயரில் ஒரு முழுத் திரைப்படத்தின் ஒலியைச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே அதைக் கேட்டுக் கேட்டு, எந்தப் பாத்திரம் எந்த வாசலில் நிற்கிறது என்பதைக்கூடக் குரலை வைத்தே அவர் கற்பனை செய்துகொண்டிருக்கிறார். பின்னாளில் தொலைக்காட்சியில் அதே படங்களைப் பார்த்தபோது சில முகங்கள் தான் நினைத்திருந்தபடி இல்லை என்று அவருக்கு ஏமாற்றமாக இருந்ததாம். நாங்கள் மொட்டை மாடியில் விளையாடும்போது ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். பழைய படம் ஒன்றின் வரியை நாங்கள் பெருமையோடு கேட்டால், “ஏன் தம்பி, இதுக்குப் போயா இவ்வளவு நேரம்?” என்று சொல்லிவிட்டு, அந்த வரிக்கு முன்னால் உள்ள வரியையும் பின்னால் உள்ள வரியையும் சேர்த்துச் சொல்லி முடிப்பார்.

அவருடைய தலைமுறைக்குத் திரைப்படம் என்பது பார்ப்பதைப்போலவே கேட்பதாகவும் இருந்தது. ‘பராசக்தி’ (1952), ‘மனோகரா’ (1954) படங்களின் வசனங்களைப் புத்தகமாக வாங்கி மனப்பாடம் செய்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகியவற்றின் வசனங்கள் இசைத்தட்டாக வந்து, திருவிழாக்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் கேட்டன. பிறகு ஒலிநாடாக்கள் வந்தன. 1984-இல் ‘விதி’ வெளிவந்தபோது அதன் நீதிமன்ற வசனங்கள் அடங்கிய கேசட் தேநீர்க் கடைகளில் நாள் முழுவதும் ஓடியதை அந்தக் காலத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பாடல்களைப்போல வசனங்களையும் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக் கேட்ட சமூகம் நம்முடையது. நாலு பேர் கூடினால் ஒருவர் வசனம் சொல்வதும் மற்றொருவர் படத்தைச் சொல்வதும் நமக்கு இவ்வளவு இயல்பாக வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தருமியும் சொக்கநாதரும் பேசிக்கொள்ளும் காட்சியே ஒரு கேள்வி பதில் விளையாட்டுத்தானே! நாகேஷ் “சேர்ந்தே இருப்பது?” என்று கேட்க, சிவாஜி “வறுமையும் புலமையும்” என்று பதில் சொல்லும் அந்தப் பகுதியை எங்களில் இருவர் பங்கு பிரித்துக்கொண்டு முழுவதும் ஒப்பிப்பார்கள், அது விளையாட்டுக்கு நடுவே வரும் இடைவேளை.

குரலை நம்பி விளையாடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. திரையில் வாயசைப்பவரின் குரலாகவே அது இருக்க வேண்டும் என்பதில்லை. எண்பதுகளில் மோகன் நடித்த பல படங்களில் நாம் கேட்டது எஸ். என். சுரேந்தரின் குரல். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010) ஜெஸ்ஸியும் ‘96’ ஜானுவும் த்ரிஷாவின் முகங்கள், ஆனால் இரண்டிலும் பேசியவர் சின்மயி. ஆகவே அந்த இரண்டு படங்களிலிருந்தும் ஒரு வரியை எடுத்து அடுத்தடுத்துக் கேட்டால், முகம், குரல் இரண்டுமே உதவாது. சொற்களையும் அந்தப் பெண்ணின் மனநிலையையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். குழப்பத்தோடு முன்னும் பின்னும் அசையும் பேச்சு ஜெஸ்ஸியுடையது. நிதானமாகவும் உரிமையோடும் வரும் பேச்சு ஜானுவுடையது. அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்பவரே உண்மையில் அந்தப் படங்களைப் பார்த்தவர் என்று சொல்வேன்.

தொடர்ந்து விளையாடுபவர்களுக்கு நாளடைவில் நடிகர்களுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தாளர்களும் அடையாளம் தெரியத் தொடங்குவார்கள். இதுவே எனக்கு இந்த விளையாட்டு தந்த பெரிய லாபம். ‘பாசமலர்’ (1961) படத்தின் வசனகர்த்தா ஆரூர்தாஸ்தான் ‘விதி’யின் வசனங்களையும் எழுதினார் என்று தெரிந்தபோது, இரண்டு படங்களிலும் அழுகையின் விளிம்பில் நின்று பேசும் பேச்சுகள் ஏன் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைபோல ஒலிக்கின்றன என்பது விளங்கியது. ‘நாயகன்’, ‘பாட்ஷா’ இரண்டுக்கும் வசனம் பாலகுமாரன். “தெரியலையேப்பா” என்று அடங்கிப் போகும் சொல்லும், நூறு தடவை சொன்னதற்குச் சமம் என்று முழங்கும் சொல்லும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கிரேசி மோகன் எழுதிய படங்களிலிருந்து கேள்வி எடுப்பது மிகக் கடினம். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் ஒரு வரி அதற்கு முந்தைய வரியின் சொல்லைப் பிடித்துக்கொண்டே பிறப்பதால், ஒன்றை மட்டும் தனியே பிய்த்து எடுத்தால் அதன் உயிர் போய்விடும். அந்தப் படத்திலிருந்து கேட்பதாக இருந்தால் சாம்பாரில் மீன் விழுந்ததைக் குறிப்பாகச் சொல்வதே நல்லது.

குறிப்பு கொடுப்பதும் தனிக் கலைதான். தொல்காப்பியர் பிசி என்னும் விடுகதையை இரண்டாகப் பிரிக்கிறார்: ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது ஒரு வகை, கண்ணுக்குத் தோன்றுவதை அப்படியே சொல்லி எதுவென்று துணிய வைப்பது மற்றொரு வகை. எங்கள் அனுபவத்தில் இரண்டாம் வகைதான் திரைப்படத்துக்குப் பொருந்துகிறது. “பரியேறும் பெருமாள்” (2018) படத்துக்கு, சாதியைப் பற்றிய படம், திருநெல்வேலிப் படம், சட்டக் கல்லூரி என்றெல்லாம் குறிப்பு கொடுத்தால் அது தகவல் கேட்பதாக இருக்கும். இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவில் ஒரு பூ என்று மட்டும் சொன்னால் படத்தைக் கவனமாகப் பார்த்தவர் கண்முன் கடைசிக் காட்சி வந்து நிற்கும். பொருள்களைச் சொல்லும் குறிப்புகளில் படத்தை எடுத்தவரின் உழைப்பும் சேர்ந்து தெரிகிறது. எந்தப் பொருளை எந்த இடத்தில் வைத்தார்கள் என்று நாம் அப்போதுதான் எண்ணிப் பார்க்கிறோம். நடிகரின் பிறந்த ஊர், படம் எத்தனை நாள் ஓடியது, எந்தத் திரையரங்கில் ஓடியது என்பன போன்ற குறிப்புகள் எங்களிடம் செல்லாது. படத்துக்குள் இருப்பது மட்டுமே குறிப்பாகலாம்.

வசனமே இல்லாத படத்தை எப்படிக் கேட்பது என்ற கேள்வி ஒருநாள் எழுந்தது. அடுத்த முறை யாருடையதோ அவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “சொல்லுடா, உன் முறைதான்” என்று எல்லாரும் நச்சரித்தோம். அவர் வாயே திறக்கவில்லை. சிறிது நேரம் கழித்து ஒருவர் மட்டும் ‘பேசும் படம்’ என்றார். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த, பேச்சே இல்லாத படம் அது. மௌனம் கேள்வியாகவும் பெயர் பதிலாகவும் அமைந்த அந்தச் சுற்றை யாரும் மறக்கவில்லை. ஆனால் அதை ஒருமுறைக்கு மேல் கேட்க முடியாது. அந்தப் படத்துக்கு இப்போது நாங்கள் கொடுக்கும் குறிப்பு, பனிக்கட்டியில் செய்த கத்தி.

பேச்சைக் குறைத்து எழுதிய இயக்குநர்களின் படங்களுக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் “கெட்ட பய சார் இந்தக் காளி” என்ற வரி எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தின் முடிவில், தான் செய்த தவறுகளிலேயே பெரியது ஊரார் எல்லாரையும் தன்னைப்போல மாற்றியதுதான் என்று சுந்தரவடிவேலு ஆற்றங்கரையில் நின்று சொல்வதை முதன்முதலில் இந்த விளையாட்டில் கேட்டபோது, பதிலைச் சொல்ல அவசரப்பட யாருக்கும் மனம் வரவில்லை. படம் முழுவதும் கொடியவனாக வந்த ஒருவன், தன்னைத் தண்டிக்க வந்தவர்களுக்கு அவர்களையே எடுத்துக் காட்டும் வரி அது.

விளையாட்டில் சச்சரவு வருவதும் உண்டு. பெரும்பாலும் அது படத்தின் பெயரைப் பற்றியதாக இருக்காது, வரியின் சொற்களைப் பற்றியதாகவே இருக்கும். கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் கேட்கும் வரி, வட்டி, திரை, கிஸ்தி ஆகியவற்றை எங்களில் ஆளுக்கொரு வரிசையில் சொல்வார்கள். மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் பலர் பேசிப் பேசி, அவரவர் கேட்ட வடிவமே அவரவருக்கு மூலமாகிவிட்டது. அத்தகைய நேரத்தில் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்ப்பதுதான் முடிவு. கைபேசியை அதற்கு மட்டும் எடுக்கலாம். பதில் தேடுவதற்கு எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் விளையாடும்போது இதைக் கண்காணிக்க வழி இல்லை என்பதால், தேடினாலும் கிடைக்காத எளிய வரிகளாகப் பார்த்துக் கேட்கப் பழகினோம். ஒரு வகையில் அந்தத் தடை எங்கள் கேள்விகளின் தரத்தை உயர்த்திவிட்டது.

பதிலைச் சொல்லும்போது ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பில்லா’ என்றால் 1980-இல் வந்ததா, 2007-இல் வந்ததா? ‘பொல்லாதவன்’, ‘படிக்காதவன்’, ‘நான் மகான் அல்ல’, ‘தில்லு முல்லு’ என்று ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், ஒரு படத்தின் வசனமே மற்றொரு படத்தின் பெயராகிவிடுகிறது. ‘மௌன ராகம்’ (1986) படத்தில் கதாநாயகியின் தந்தையைக் கார்த்திக் கூப்பிடும் “மிஸ்டர் சந்திரமௌலி” 2018-இல் அவரும் அவர் மகனும் சேர்ந்து நடித்த படத்தின் பெயரானது. ‘தலைநகரம்’ (2006) படத்தில் வடிவேலு சொன்ன “நானும் ரௌடிதான்” 2015-இல் படமானது. ‘வின்னர்’ (2003) படத்தின் வருத்தப்படாத வாலிபர் சங்கம் 2013-இல் படமானது. ‘இன்று போய் நாளை வா’ (1981) படத்தில் இந்திப் பாடத்தின் நடுவே பிறந்த ரகு தாத்தா 2024-இல் படமானார். இவற்றைக் கேட்டால் இரண்டு பதில்களையும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் முதலில் அந்தச் சொல் எந்த வாயிலிருந்து வந்தது என்று சொல்பவருக்கே முழு மதிப்பெண்.

அடுத்த சந்திப்புக்கென்று நான் எடுத்து வைத்திருக்கும் கேள்விகளில் மூன்றை இங்கே தருகிறேன். மூன்றும் குறிப்பு வகையைச் சேர்ந்தவை, மூன்றும் படத்துக்குள் இருப்பவை. முதலாவது: கதாநாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துகிடக்கிறான், ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. இரண்டாவது: மனிதர்கள் சொல்லத் தயங்குவதையெல்லாம் ஜூனியர் என்ற பொம்மை சொல்லிவிடுகிறது. மூன்றாவது: சுப்பிரமணி என்று ஒரு நாய்க்குட்டி, மழையில் நனைந்த ஒரு மலை ரயில் நிலையம். இந்தக் கேள்விகளில் வசனம் இல்லாததால், யார் சொன்னது என்பதற்குப் பதிலாக அந்தப் படத்தில் உங்கள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு வரியையும், அதை யார் யாரிடம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு மதிப்பெண்.